தராசுத் தட்டுக்கு வந்த குருவிகள்

சண்முகத்தாய் குருவிகளுக்குத் தானியம் போடுகிறாள் என்ற பேச்சை இசக்கியம்மாள் கிளப்பியது அரிசி வரிசையில் வைத்து. வேறு எங்கே சொல்லியிருந்தாலும் அது அன்றைக்கே செத்திருக்கும். விடிந்ததிலிருந்து அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வெறும் பையோடு திரும்பினார்கள். வீட்டுக்கு எடுத்துப்போக அவர்களுக்கு அந்தப் பேச்சாவது கிடைத்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் அது. பர்மாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு ரங்கூன் அரிசி தூத்துக்குடித் துறைக்கு வருவது நின்றுபோயிருந்தது. கம்பும் சோளமும்கூடக் கடைக்கு வந்த மறுநாள் காணாமல் போயின. எந்த வீட்டில் எத்தனை மூட்டை பதுங்கிக் கிடக்கிறதோ என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் ஒருத்தி குருவிக்கு இரை வைக்கிறாள், அதுவும் தானியக்கடை சங்கரபாண்டியனின் பெண்டாட்டி வைக்கிறாள் என்றால் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா?

உண்மையில் அது கடையைக் கூட்டிப் பெருக்கிய குப்பை. சாயங்காலம் கடை மூடும்போது தரையில் சேர்வதை ஒரு தகர டப்பாவில் அள்ளி வீட்டுக்கு அனுப்புவான் சங்கரபாண்டியன். புடைத்துப் பார்த்தால் பூச்சி அரித்த கம்பும், உமியும், கல்லும்தான் இருக்கும். மனிதர் வாயில் வைக்க முடியாது. கடையில் கழித்துப் போட்ட பழைய தராசுத் தட்டு ஒன்றைச் சங்கிலியோடு பின்கட்டுப் பூவரச மரத்தில் தொங்கவிட்டிருந்தாள் சண்முகத்தாய். காலையில் வீட்டு வேலை ஓய்ந்ததும் அதில் இரண்டு கை அள்ளிப் போடுவாள். பிறகு கொஞ்சம் தள்ளிப் பலகை போட்டு உட்கார்ந்து, வருகிற பறவைகளைப் படம் எழுதுவாள்.

அவளுடைய அப்பா விளாத்திகுளத்துக்காரர். நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் படுதா எழுதியவர். அரண்மனை, ஆற்றங்கரை, காடு என்று அவர் எழுதுகிற படுதாக்களின் மூலையில் மரம் செடிகளுக்கு நடுவே ஒரு பறவையை வைக்கிற வேலையைச் சின்ன வயதிலேயே மகளிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கம் கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போயிருந்தது. ஒரே மகளையும் விளாத்திகுளத்திலேயே கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு வீடு வெறிச்சென்று ஆனபோது கை தானாக அதைத் தேடியது. காவிப்பொடி, அவுரி நீலம், விளக்குக் கரி, குழைக்க வேலம்பிசின். தூரிகைக்கு அணில் வால் முடி. யுத்தத்தில் காகிதம் கிடைக்கவில்லை, அதனால் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம். தேதிகளுக்குப் பின்னால் சிட்டுக்குருவியும் தினைக்குருவியும் கள்ளிப்புறாவும் உட்கார்ந்திருந்தன.

இசக்கியம்மாள் இரண்டு வீடு தள்ளி இருப்பவள். அவளுடைய புருஷன் தோணியில் வேலை செய்தவன். கொழும்புக்குப் போனவன் யுத்தத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டான். மூன்று பிள்ளைகளோடு அவள் ஒண்டியாகப் பாடுபட்டாள். வேலி இடுக்கு வழியாக அந்தத் தராசுத் தட்டை அவள் பார்த்த அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இரண்டு நாள் கழித்து சண்முகத்தாய் தெருக்கிணற்றுக்குப் போனபோது அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கயிற்றை எடுத்ததும் இசக்கியம்மாள் மட்டும் சொன்னாள்.

"ஏளா சண்முகத்தாயி, பொறந்தா உங்க வீட்டுக் குருவியாப் பொறக்கணும் போலுக்கே."

"என்ன மதினி சொல்லுதிய?"

"என் பிள்ளைய பட்டினி கிடக்கு. உங்க வீட்டுல குருவிக்குப் பந்தி நடக்குது. அதச் சொல்லுதேன்."

"அது கடைக் குப்பை மதினி. வேணும்னா வந்து பாருங்க. கல்லும் உமியும்தான்."

"முன்னால வைக்கது குப்பை. பின்னால என்ன இருக்கோ, யாரு கண்டா?"

தண்ணீர் இறைக்காமலே சண்முகத்தாய் வீடு திரும்பினாள். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. பிள்ளைகள் பட்டினி என்று தெரிந்திருந்தால் கஞ்சியாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று பட்டது. ஆனால் இனிக் கொடுத்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்லுவார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது புருஷனிடம் சொன்னாள். சங்கரபாண்டியன் ஊர் வாய்க்குப் பயப்படுகிறவன் இல்லை. முன்பு ஒரு தடவை படிக்கல் குறைவு என்று கடை முன்னால் ஒருவன் கூச்சல் போட்டபோது, வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தவன். இப்போது சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"நாளைக்கே அந்தத் தட்ட இறக்கிரு."

"கூட்டிப் பெருக்குன குப்பைதான? அதுல என்ன வந்துட்டு?"

"சொன்னாக் கேளு. ஊர்க்கண்ணு நம்ம பின்கட்டுல விழாண்டாம்."

பின்கட்டு என்று சொல்லும்போது அவனுடைய பார்வை கதவைத் தாண்டிப் போய்த் திரும்பியது. கொஞ்ச நேரம்தான். சண்முகத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். ஏன் பார்த்தோம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள்.

மறுநாள் அவள் தட்டை இறக்கவில்லை. வேலிப் பக்கத்திலிருந்து தெரியாதபடி மரத்தின் மறுபக்கத்துக் கிளைக்கு மாற்றிக் கட்டினாள். அங்கே மாற்றியதும் பறவைகள் வரவில்லை. புது இடத்துக்குப் பழக வேண்டாமா என்று காத்திருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. பாதி எழுதிய தினைக்குருவிக் கூட்டம் ஒன்று காலண்டர் தாளில் வால் இல்லாமல் நின்றது. வெயில் ஏறிய பிறகு நாலைந்து சிட்டுக்குருவிகள் வந்தன. தட்டின் விளிம்பில் உட்கார்ந்து இறக்கையைக் கோதின. ஒன்றுகூடக் குனிந்து ஒரு மணியைக் கொத்தவில்லை. வயிறு நிறைந்த குருவிகள். ஊரே பஞ்சத்தில் கிடக்கும்போது இவை எங்கே தின்றுவிட்டு வருகின்றன?

படம் எழுதுகிறவளுக்குக் காத்திருக்கத் தெரியும். அவள் பலகையைத் திருப்பிப் போட்டு, குருவிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கத் தொடங்கினாள்.

பின்கட்டின் கடைசிச் சுவர் ஒரு கிட்டங்கியின் சுவர். காயல்பட்டினத்து காஜா முஹ்யித்தீன் சாயபுவின் சரக்குக் கிட்டங்கி அது. கருப்பட்டியும் கருவாடும் அங்கே அடுக்கி, தோணி ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவார். யுத்தம் வந்த பிறகு அவரும் கொழும்பிலேயே தங்கிவிட, கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. நாட்டு ஓட்டுக் கூரையில் ஓர் ஓடு சரிந்து, கை நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு. குருவிகள் அதற்குள் போய்வந்துகொண்டிருந்தன. கூடு கட்டியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். பெட்டைக் குருவி ஒன்று வெளியே வந்து ஓட்டின் மேல் நின்றது. அதன் அலகில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அது தலையை உதறியபோது அந்த வெள்ளை கீழே துணி துவைக்கிற கல்லின் மேல் விழுந்தது.

எழுந்து போய் எடுத்துப் பார்த்தாள். அரிசி. புழுங்கலரிசி. பல்லில் வைத்துக் கடித்தாள். பூச்சி விழாத, நல்ல அரிசி. தெருவில் பல வீடுகள் மாதக்கணக்கில் கண்ணில் காணாதது.

காஜா சாயபு இப்படிச் செய்வாரா? அவளுக்கு முதலில் வந்த சந்தேகம் அவர் மேல்தான். கொழும்பிலும் அரிசிக்குத் தட்டுப்பாடு, அங்கே கொண்டுபோனால் கேட்ட விலை கிடைக்கும் என்று கடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்வதை அவள் கேட்டிருக்கிறாள். அவருடைய கிட்டங்கி, அவருக்குக் கொழும்பில் வியாபாரம். பொருந்தித்தான் வந்தது. ஆனால் பொருந்தாத ஒன்றும் இருந்தது. போவதற்கு முன்னால் அவர் வாசலில் நின்று, "பாண்டி, மழைக்கு ஒழுகுனா ஓட்டை மாத்திவிடு, என்ன?" என்று சொல்லிச் சாவியைச் சங்கரபாண்டியன் கையில் கொடுத்தது அவளுக்கு நினைவிருந்தது. அந்தச் சாவி சாமான் அறை ஆணியில் தொங்கியது.

உள்ளே போய்ப் பார்த்தாள். ஆணி மட்டும்தான் இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்த புருஷனிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"காஜா சாயபு கிட்டங்கிச் சாவி ஆணியில கிடந்துதே, எங்க?"

"அப்பவே அவிய வீட்டு ஆள் வந்து வாங்கிட்டுப் போயாச்சே." தலையை நிமிர்த்தாமல் சொன்னான். பிறகு நிமிர்ந்தான். "எதுக்குக் கேக்க?"

"ஓடு ஒண்ணு சரிஞ்சிருக்கு. மழைக்கு முந்தி மாத்தணும்லா?"

"அவிய பாத்துக்கிடுவாவ. நீ அங்கன போகாத."

அவன் கடைக்குத் திரும்பிய பிறகு அவள் படம் எழுத உட்கார்ந்தாள். வேறு எதையும் எழுதக் கை வரவில்லை. சரிந்த ஓட்டை எழுதினாள். அதன் மேல் பெட்டைக் குருவி. மங்கின பழுப்பு முதுகு, மூக்குக்குக் கீழே சாம்பல் வெள்ளை. அலகில் ஒரு அரிசி மணி. அதற்குச் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தாள். எதையும் காட்டிக்கொடுக்க நினைத்து எழுதவில்லை. கண்ணில் நின்றதை எழுதினாள். காய்வதற்காக நடுவீட்டில் பித்தளைச் செம்பின் மேல் சாய்த்து வைத்தாள்.

சாயங்காலம் சங்கரபாண்டியன் அதன் முன்னால் நின்றான். அவளுடைய படங்களை அவன் நின்று பார்ப்பது வழக்கமில்லை.

"இது எந்தக் கூரை?"

"பின்னால உள்ளது."

"வாயில என்ன வச்சிருக்கு?"

"அரிசி."

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தான். அவள் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தாள். 'அரிசியா, எங்கிருந்து?' என்று அவன் கேட்டிருந்தால் போதும், நம்பியிருப்பாள். தானியம் விற்கிறவன் கேட்கவேண்டிய கேள்வி அது. அவன் கேட்கவில்லை.

"நல்லா வந்திருக்கு. கண்ணாடி போட்டு மாட்டலாம்" என்று சொல்லிப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டான்.

காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளும்போது அதில் கருகாத ஒரு மூலை கிடைத்தது. ஒரு பக்கம் காவி நிற ஓட்டின் விளிம்பு. மறுபக்கம் காலண்டரின் சித்திரை மாதத்துத் தேதிகள்.

அதை முந்தானையில் முடிந்துகொண்டு வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக நினைவு வந்தது. பனிமய மாதா கோவில் கொடியேற்றத்தன்று தெருவே கோவிலுக்குப் போயிருந்தது. என்றைக்கும் இல்லாமல் அவனே, "நீயும் போய்ப் பாத்துட்டு வாயேன்" என்று அனுப்பிவைத்தான். திரும்பி வந்தபோது பின்சந்தில் வண்டிச் சக்கரத்தின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. தண்ணி வண்டி வந்தது என்றான். தண்ணி வண்டி எப்போது பின்சந்துக்கு வந்திருக்கிறது? இடுப்பில் அரைஞாண் கயிற்றை அவன் அடிக்கடி தொட்டுப்பார்க்கிற புதுப் பழக்கமும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

நேராகக் கேட்டுவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் வாய்வரை வந்தது. கேட்டால் அவன் பொய் சொல்லுவான். பொய் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவனோடு ஒரு வீட்டில் இருப்பது எப்படி என்று பயந்து கேட்காமல் விட்டாள். அவனும் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தான். கடையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்கட்டுக் கதவைத் திறந்து பார்த்தான். அவள் கிணற்றுக்குப் போனால், "யாரு கூடப் பேசின?" என்று கேட்டான். இருபது வருஷம் ஒன்றாக இருந்தவர்கள் ஒருவர் காலடிச் சத்தத்துக்கு மற்றவர் காது வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

நாலாம் நாள் காலையில் உணவுத் தானிய இன்ஸ்பெக்டர் ரோச் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து வாசலில் நின்றார். பரவர் தெருவைச் சேர்ந்தவர் அவர். மெல்லிசான ஆள், சத்தம் போடாமல் பேசுகிறவர். சங்கரபாண்டியன் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"உங்க வீட்டுல தானியம் பதுக்கி வச்சிருக்கதா மனு வந்திருக்கு, அண்ணாச்சி. பாத்துட்டுப் போயிருதோம்."

"தாராளமாப் பாருங்க ஐயா. மடியில கனம் இல்ல."

பார்த்தார்கள். பரணிலும் நெல் குலுக்கையிலும் கட்டிலுக்கு அடியிலும் தேடினார்கள். தகர டப்பாவில் கடைக்குப்பை கிடைத்தது. ரோச் அதைக் கையில் அள்ளி ஊதிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். சுவர் ஓரம் அடுக்கியிருந்த காலண்டர் தாள்களைப் புரட்டினார். கள்ளிப்புறா இருந்த படத்தில் கொஞ்சம் நின்றார்.

"இத யாரு எழுதுனது?"

"நான்தான் ஐயா" என்றாள் சண்முகத்தாய்.

அதற்குள் வாசலிலும் வேலி ஓரத்திலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை என்று தெரிந்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இசக்கியம்மாள் வேலியைத் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். மனு கொடுத்தது அவள்தான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"வீட்டுக்குள்ள இருக்காது ஐயா. குருவியப் பாருங்க. ரெண்டு நாளா நானும் பாக்கேன். தட்ட அந்தப் பக்கம் மாத்திக் கட்டுனா குருவி எங்கன போகுதுன்னு தெரியாதா? அந்தா, அந்த ஓட்டுக்குள்ளதான் போயிட்டுப் போயிட்டு வருது."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சொல்லிவைத்தாற்போல ஒரு குருவி இடுக்கிலிருந்து கிளம்பிப் பூவரச மரத்துக்குப் பறந்தது.

"அது யாரு கிட்டங்கி?" என்று கேட்டார் ரோச்.

சங்கரபாண்டியன் தயங்கவே இல்லை. "காஜா முஹ்யித்தீன் சாயபுது ஐயா. காயல்பட்டினம். ஆளு கொழும்புல இருக்காரு. அடுத்தவரப் பத்தி நான் சொல்லக் கூடாது. ஆனா கொழும்புத் தோணி ஓட்டுதவர்... என்னத்த வச்சிருக்காரோ."

"சாவி?"

"அவர் வீட்டுல இருக்கும். அவிய ஆள் வந்து வாங்கிட்டுப் போனாவ."

கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. அப்படிச் சொல்லு, கொழும்புக்குக் கடத்தத்தான், நம்ம பிள்ளைகள் பட்டினி கிடக்க அங்கே அனுப்புறான் பாரு என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். இவ்வளவு நேரம் சண்முகத்தாயை முறைத்த கண்கள் எல்லாம் கிட்டங்கிக்குத் திரும்பின. அவளுடைய புருஷனுக்கு முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை அவள் பார்த்தாள்.

ரோச் போலீஸ்காரர்களிடம் திரும்பினார். "ஒரு ஆளு இங்க பூட்ட உடைக்க ஏற்பாடு பண்ணு. இன்னொரு ஆளு காயல்பட்டினம் போய் அவர் வீட்டுல யாரு இருக்காங்களோ கூட்டிட்டு வா. வீட்டையும் பாத்திருவோம்."

காஜா சாயபு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சண்முகத்தாய்க்குத் தெரியும். அவர் மனைவி பல்கீஸும் இரண்டு பெண்மக்களும். ஆண்துணை இல்லாத வீடு. அடுத்தவர் கண்ணில் படாமல் இருக்கிற பெண்கள். அந்த வாசலில் போலீஸ்காரன் ஏறி நிற்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். எதற்கு என்று அந்தப் பெண்களுக்குத் தெரியவே போவதில்லை.

"பூட்ட உடைக்காண்டாம் ஐயா" என்றாள். தன் குரல் தனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "காயல்பட்டினத்துக்கும் போகாண்டாம். சாவி இவிய இடுப்புலதான் இருக்கு."

"ஏளா!" என்றான் சங்கரபாண்டியன்.

"அவர் நம்பித் தந்துட்டுப் போன சாவி. குடுத்திருங்க."

ரோச் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சங்கரபாண்டியன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. யாரோ தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு வேட்டி மடிப்பை விலக்கி, அரைஞாணில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்க நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் தெரு முழுக்க நின்று பார்த்தது.

கிட்டங்கி நிறைய அரிசி மூட்டைகள் இருந்தன. சுவரோடு ஒட்டியிருந்த ஒன்றைக் குருவிகள் கிழித்து, தரையெல்லாம் இறைத்திருந்தன. மறுநாளே அரசாங்க விலைக்கு அங்கேயே அளந்து விற்றார்கள். தெரு வரிசையில் நின்றது. இசக்கியம்மாள் பை நிறைய வாங்கிக்கொண்டு போனாள். சண்முகத்தாய் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கமா, கோபமா என்று இவளுக்குத் தெரியவில்லை.

சங்கரபாண்டியனுக்கு மூன்று மாதம் பாளையங்கோட்டை ஜெயில். கடை லைசென்ஸும் போயிற்று. போலீஸ்காரர்களோடு போகும்போது அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எத்தன நாளா என்னைய வேவு பாத்த?"

"நான் குருவியத்தான் பாத்தேன்" என்றாள் அவள். அவன் நம்பவில்லை.

தெருவும் அவளை நம்பவில்லை. கட்டின புருஷனையே காட்டிக்கொடுத்தவள் என்றார்கள் சிலர். அவளுக்குத் தெரியாமலா வீட்டுக்குப் பின்னால் மூட்டை ஏறியிருக்கும், பங்குத் தகராறாக இருக்கும் என்றார்கள் சிலர். அதைவிட மோசமான பேச்சும் பிறந்தது. புருஷனை விட்டுவிட்டு அந்தச் சாயபுவைக் காப்பாற்ற இவளுக்கு என்ன வந்தது? இரண்டு பேருக்கும் என்ன தொடர்பு?

அந்தப் பேச்சு காயல்பட்டினம்வரை போயிருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கழிந்து, திரை போட்ட மாட்டுவண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரன் இறங்கி, "காஜா முதலாளி வீட்டுல வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றான். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு பல்கீஸ் உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். கிட்டங்கிச் சாவியை வாங்க வந்ததாகச் சொன்னாள். ரோச் திருப்பிக் கொடுத்திருந்த சாவியைச் சண்முகத்தாய் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பிறகும் பல்கீஸ் எழுந்திருக்கவில்லை.

"எங்க ஊட்டு வாசல்ல போலீசு ஏறாமப் பாத்துக்கிட்டீங்கோன்னு கேள்விப்பட்டேன்."

"ஏதோ அந்த நேரத்துல வாய் வந்துட்டு."

"ஒங்க ஊட்டு ஆளை விட்டுக்கொடுத்துட்டு?" பல்கீஸின் கண்கள் அவளுடைய முகத்தை விட்டு அசையவில்லை. "எங்க மாப்புளையை நீங்க எத்தனை தடவை பாத்திருக்கீங்கோ?"

என்ன கேட்கிறாள் என்று சண்முகத்தாய்க்குப் புரிந்தது. இவ்வளவு தூரம் வண்டி கட்டி வந்தது சாவிக்காக இல்லை. அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. தானும் இப்படித்தானே ஒரு ஆணியைப் போய்ப் பார்த்தோம் என்று தோன்றியது.

"கடைக்கு வருவாவ, போவாவ. நான் பாத்தது ஒரு தடவைதான். சாவி குடுக்க வந்தன்னைக்கு, வாசல்ல. ஒரு சொம்பு மோர் குடுத்தேன். உங்க சின்ன மகளுக்கு அம்மை போட்டிருக்கு, அதான் மனசு சரியில்லன்னு சொன்னாவ. வேற பேச்சு இல்ல."

மகளுக்கு அம்மை போட்டிருந்தது நிஜம்தான் போலும். பல்கீஸ் துப்பட்டியைத் தோளுக்கு இறக்கினாள்.

"கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றாள்.

தண்ணீர் குடித்த பிறகு சுவரோரம் இருந்த படங்களைப் பார்த்தாள். "உசிரு உள்ளதை எழுதக் கூடாதும்பாங்கோ எங்க ஊட்டுப் பெரியவங்கோ" என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து முழுவதையும் பார்த்துத்தான் வைத்தாள். போகும்போது, கொழும்பிலிருந்து கடுதாசி வந்து ஐந்து மாதம் ஆகிறது என்று வேறு யாரிடமும் சொல்லாததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

கார்த்திகையில் சங்கரபாண்டியன் வந்தான். மெலிந்திருந்தான். பழைய வியாபாரிகள் யாரும் சேர்க்கவில்லை. உப்பளத்தில் மூட்டை எண்ணுகிற வேலை கிடைத்தது. சோறு போட்டால் சாப்பிட்டான், கேட்டால் பதில் சொன்னான். ஒரு நாள் தானாகவே பேசினான்.

"மூட்ட மூட்டையா வேற எத்தனையோ பேரு வச்சிருந்தானுவ. எவன் பெண்டாட்டியும் வாயத் திறக்கல."

"அரிசி வச்சிருந்ததுக்கு நான் வாயத் திறக்கலியே. மூணு நாளு தெரிஞ்சும் பேசாமத்தான இருந்தேன்" என்றாள் அவள். "அடுத்த வீட்டுப் பொம்பளைய தலையில கொண்டுபோய்ப் போட்டியளே. அதத்தான் தாங்க முடியல."

அவன் மறுக்கவில்லை. அன்றைக்கு எழுதிக்கொண்டிருந்த மைனாவின் படத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு அவள் படத்தைப் பானைக்குப் பின்னால் எடுத்து வைத்தாள். அப்படி வைப்பது அவளுக்கே கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் வைத்தாள்.

தை பிறந்ததும், விளாத்திகுளத்துக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். கையில் ஒரு துணிப் பை மட்டும். தனியாகப் போகிறேன் என்றான். அவள் சரி என்றாள். அவன் தெருமுனை தாண்டியதும் வீட்டைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மகளைப் பார்க்கத்தான் போகிறானா, பழைய வியாபாரத்தைத் தேடித் துறைமுகத்துப் பக்கம் திரும்புகிறானா என்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

அவன் துறைமுகத்துப் பக்கம் திரும்பவில்லை. விளாத்திகுளம் பஸ்ஸில்தான் ஏறினான். பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடுப்புக்கரியில் ஓடுகிற கரிவாயு பஸ். கிளீனர் பின்னால் நின்று அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். புகை கூடிவந்தால்தான் வண்டி கிளம்பும். ஜன்னலோரம் உட்கார்ந்த சங்கரபாண்டியன் வெளியே பார்த்தான். வேப்பமரத்தடியில் அவள் நிற்பதைக் கண்டான்.

ஒளியவும் இல்லை, அருகே போகவும் இல்லை அவள். அவனும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். புகை நடுவில் வந்து மறைத்தது. மறுபடி விலகியபோதும் அவன் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு வந்தாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வண்டி உறுமிக் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"வெயிலுக்கு முந்தி வீடு போய்ச் சேரு" என்றான்.

"போறேன்" என்றாள்.

எட்டயபுரம் சாலையில் பஸ் திரும்பி மறைகிறவரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.